முதல் ஆயிலை எப்போது இறக்குவது? புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு

புது வெட் கிரைண்டர் வாங்கி வந்த வீட்டில் முதல் நாளே இட்லிக்கு மாவு அரைக்க மாட்டார்கள். கொஞ்சம் பழைய அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு, சற்று நேரம் ஓடவிட்டு, அந்த மாவை வழித்துக் கீழே கொட்டிவிடுவார்கள். கல்லில் ஒட்டியிருக்கும் துகளெல்லாம் அதோடு போய்விடும். அம்மியைக் கொத்தி வாங்கினாலும் இதே வேலைதான். தவிடு போட்டு அரைத்து, கழுவித் தள்ளிய பிறகுதான் அதில் சட்னி.

புது என்ஜினில் கம்பெனி ஊற்றி அனுப்பும் முதல் ஆயிலும் ஏறக்குறைய அந்தக் கொட்டிவிடும் மாவு மாதிரிதான். அதை என்றைக்குக் கொட்டுவது என்பதில்தான் சண்டை. ஷோரூமில் கேட்டால், "ஒரு வருஷம் தாராளமாக ஓடட்டும் சார்" என்பார்கள். முப்பது வருஷமாக என்ஜின் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் அண்ணன், "ஐந்நூறு கிலோமீட்டரில் இறக்கிடு தம்பி" என்பார். இருவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த முதல் ஆயிலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் உள்சுவரிலிருந்து தொடங்குவோம். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இடம் அது. கண்ணாடி போல வழவழவென்று இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் அந்தச் சுவரில் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். ஹோனிங் என்று பெயர். அம்மியில் கொத்து போடுவது எதற்கோ, கிட்டத்தட்ட அதற்குத்தான் இதுவும். கொத்து தேய்ந்துபோன அம்மியில் பருப்பு வழுக்கிக்கொண்டு போகும். கீறல் இல்லாத சிலிண்டர் சுவரில் ஆயில் நிற்காது. அந்தக் கீறல்களின் பள்ளத்தில் ஆயில் தங்கி, பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் பிஸ்டன் ரிங் என்ற வளையம் வழுக்கிப் போக ஒரு படலத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கீறல் என்றால் பள்ளம் மட்டும் இருக்காது, மேடும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூரிய மேடுகளை பிஸ்டன் ரிங்குகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் உரசி உரசிச் சமப்படுத்துகின்றன. ரிங்கும் கொஞ்சம் தேயும், சுவரும் கொஞ்சம் தேயும். கடைசியில் இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிடும். ரிங் உட்காருவது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. அதனால் என்ஜினுக்கு ஓரளவு வேலை கொடுத்தால்தான் ரிங் சரியாக உட்காரும். பொத்திப் பொத்தி ஓட்டுவதும் தப்பு என்பது இதனால்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

தேய்ந்த அந்த உலோகம் எங்கே போகும்? ஆயிலுக்குள்தான். சிலிண்டரிலிருந்து இரும்பு, பிஸ்டனிலிருந்து அலுமினியம், சில பேரிங்குகளிலிருந்து செம்பு. வேறு சரக்கும் சேரும். என்ஜினைக் கோக்கும்போது முதல் ஸ்டார்ட்டில் உலர்ந்து உரசாமல் இருக்கப் பாகங்களின் மேல் பசை தடவுவார்கள். மாலிப்டினம் கலந்த பசை அதில் பெயர் பெற்றது. அது கரைந்து ஆயிலில் கலக்கும். மூடிகளுக்கும் ஆயில் தொட்டிக்கும் நடுவே பூசிய சீலன்டிலிருந்து சிலிக்கான் வரும். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள், முதல் அறிக்கையில் சிலிக்கான் எகிறியிருப்பதைக் கண்டு, ஏர் ஃபில்டர் வழியாகத் தூசு நுழைந்துவிட்டதோ என்று பதறுவது உண்டு. புது என்ஜினில் அது பெரும்பாலும் சீலன்டுதான். இரண்டாவது, மூன்றாவது ஆயிலில் தானாகக் குறைந்துவிடும்.

இதையெல்லாம் பிடிக்கத்தானே ஆயில் ஃபில்டர் இருக்கிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஃபில்டர் பிடிக்கும், ஆனால் எல்லாவற்றையும் பிடிக்காது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரில் வரும் சாதாரண ஃபில்டர் 20, 30 மைக்ரான் அளவுத் துகளை நன்றாகப் பிடிக்கும். அதைவிடப் பொடியானவற்றில் ஒரு பங்கு வலைக்குள் சிக்காத மீன்குஞ்சு போல நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். பேரிங்குக்கும், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கும் நடுவே, பாரம் ஏறும் இடத்தில், ஆயில் படலம் சில மைக்ரான்தான். ஆகவே ஃபில்டருக்குத் தப்பிய துகள் அங்கே போய் உரச இடமிருக்கிறது. இன்னொன்று: குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஃபில்டருக்குள் அழுத்தம் ஏறினால், உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அந்தச் சில நொடிகள் ஆயில் வடிகட்டாமலே என்ஜினுக்குள் போகும். என்ஜின் ஆயில் இல்லாமல் தவிப்பதைவிட அழுக்கு ஆயில் மேல் என்று வைத்த ஏற்பாடு அது.

அப்படியானால் எல்லாக் கம்பெனியும் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்ல வேண்டுமே? சொல்வதில்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

பிஎம்டபிள்யூவின் வேக வரிசையான எம் கார்களை எடுத்துக்கொள்வோம். எம்2, எம்3, எம்4 போன்ற முழு எம் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில், அமெரிக்கக் கணக்கில் 1,200 மைலில், ரன்னிங்-இன் சர்வீஸ் என்று ஒன்று உண்டு. ரன்னிங்-இன் என்றால் புது என்ஜின் உரசிப் பழகும் காலம். என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் அப்போது மாறும். பின் ஆக்ஸிலில், வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்யும் கியர் அமைப்பான டிஃபரன்ஷியலின் ஆயிலும் மாறும். அதுவரை 5,500 ஆர்பிஎம்-மையும் (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்று) மணிக்கு 170 கிலோமீட்டரையும் தாண்டாதீர்கள், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள் என்கிறது கையேடு. 8,000 ஆர்பிஎம் வரை போன பழைய இ46 எம்3 காலத்திலேயே இந்த சர்வீஸ் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இதில் நம் ஊரோடு ஒட்டிய ஒரு விஷயமும் உண்டு. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலை 2007-இல் தொடங்கியது. எம்340ஐ 2021-இல் அங்கிருந்துதான் வரத் தொடங்கியது. பெயரில் எம் இருக்கிறது, மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. ஆனால் அது முழு எம் கார் வரிசையில் சேராது. எம் பெர்ஃபார்மன்ஸ் என்னும் நடு வரிசை. அதற்கு இந்த 2,000 கிலோமீட்டர் ஆயில் மாற்றத்தை பிஎம்டபிள்யூ கட்டாயமாக்கவில்லை. எம்3-இல் இருக்கும் எஸ்58 என்ஜின், எம்340ஐ-யின் பி58 என்ஜினை அடிப்படையாக வைத்து வளர்த்தெடுத்ததுதான். அக்காள் தங்கை மாதிரி. ஒருத்திக்கு 2,000-இல் ஆயில் மாற்றம், இன்னொருத்திக்கு வழக்கமான சர்வீஸ் கணக்கு. ஏன்? என் கணிப்பு இது: எம்3 வாங்குகிறவர் ஒருநாள் ரேஸ் டிராக்கில் இறங்கி, 7,200 ஆர்பிஎம் வரை இழுத்து, மணிக்கணக்கில் என்ஜினை வாட்டுவார் என்று எண்ணித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு வாட்டத்துக்குப் போகும் முன் உள்ளே இருக்கும் பொடியைக் கழுவிவிடுவது நல்ல காப்பு.

ஷெவர்லே கொர்வெட்டில் கணக்கு இன்னும் சீக்கிரம். ஏழாம் தலைமுறை இசட்06 காருக்கு முதல் ஆயில் மாற்றம் 500 மைலில், அதாவது 800 கிலோமீட்டரில். அந்தக் காரில் ஆயில் என்ஜினுக்கு அடியிலேயே கிடக்காமல் தனித் தொட்டியில் இருக்கும். டிரை சம்ப் என்பார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. நம் மெக்கானிக் அண்ணன் சொன்ன ஐந்நூறு இங்கே அப்படியே இருக்கிறது பாருங்கள், மைலில்.

மெர்சிடிஸ்-ஏஎம்ஜியில் வேறொரு பாடம். பின் ஆக்ஸிலில் லாக் ஆகும் டிஃபரன்ஷியல் உள்ள ஏஎம்ஜி கார்களுக்கு, 3,000 கிலோமீட்டரில் அந்த டிஃபரன்ஷியலின் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். என்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் இதைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். என்ஜின் ஆயிலுக்காவது ஃபில்டர் இருக்கிறது. டிஃபரன்ஷியலுக்கு வழக்கமாக ஃபில்டரே கிடையாது. கிரவுன் வீலும் பினியனும் பல்லோடு பல் உரசிப் பழகும்போது உதிரும் பொடி முழுவதும் அந்தக் கொஞ்ச ஆயிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதல் சர்வீஸில் எதை மாற்றுவது என்று என்னைக் கேட்டால், என்ஜின் ஆயிலுக்குச் சமமாக டிஃபரன்ஷியல் ஆயிலையும் சொல்வேன். எம் கார்களின் 2,000 கிலோமீட்டர் சர்வீஸில் அதுவும் சேர்ந்திருப்பது தற்செயலாக நடந்ததில்லை.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். போர்ஷே 911. முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஆர்பிஎம்-மைச் சுமார் 4,000-த்துக்குள் வையுங்கள் என்று பொறுமையாக ஓட்டச் சொல்வார்கள். அந்த நாட்களில் ஆயிலும் பெட்ரோலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகலாம் என்றும் எச்சரிப்பார்கள். ஆனால் 3,000 முடிந்ததும் ஆயிலை மாற்று என்று சொல்வதில்லை. வழக்கமான சர்வீஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஹோண்டா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அட்டவணையில் சொன்ன நேரம் வரும் வரை முதல் ஆயிலை மாற்றாதீர்கள் என்று பல கார்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஏறக்குறைய 9,000 ஆர்பிஎம் வரை கத்திக்கொண்டு போகும் எஸ்2000 காருக்கும் அதே வாக்கியம்தான். சாலையில் ஓடிய கார்களில் மிக வேகமாகச் சுழன்ற என்ஜின்களில் ஒன்று அது. அதைக் கட்டியவர்களே அவசரப்படாதே என்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

மேலே சொன்ன மாலிப்டினம் பசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரசிப் பழகும் நாட்களில் அது ஆயிலில் கரைந்து இருப்பதே நல்லது. நூறு கிலோமீட்டரிலேயே இறக்கிவிட்டால் அந்த நன்மையும் வடிந்துபோகும் என்பது அந்தப் பக்கத்து வாதம். அதோடு, உலோகத்தைக் கடையும் நுட்பமும் வெகுவாக முன்னேறிவிட்டது. ஹோனிங் முடிந்ததும் மேடுகளின் நுனியைத் தொழிற்சாலையிலேயே மழித்துவிடுகிறார்கள். பள்ளம் மட்டும் நிற்கும். ரிங் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கு கார் வெளியே வரும் முன்பே முடிந்திருக்கும். நிஸான் ஜிடி-ஆரில் சிலிண்டருக்கு இரும்புக் குழாயே கிடையாது. பிளாஸ்மாவால் தூவிய மெல்லிய உலோகப் பூச்சுதான். இப்படிப்பட்ட சுவர்கள் அந்தக் கால வார்ப்பிரும்பு சிலிண்டர் போலப் பொடி உதிர்ப்பதில்லை.

அந்தக் காலம் என்று சொன்னதும் மெக்கானிக் அண்ணனின் ஐந்நூறு எங்கிருந்து வந்தது என்பதும் புரியும். ஒரு காலத்தில் பிரிட்டனில் புதுக் கார் வாங்கியவர்கள், ரன்னிங்-இன் ஓடுகிறது, தாண்டிப் போங்கள் என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டுதான் சாலைக்கே வருவார்கள். கடைசல் அவ்வளவு துல்லியமாக இல்லாத நாட்கள். ஆயிலும் இன்றைய ஆயிலுக்குப் பக்கத்தில் நிற்காது. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட்டின் மேடு, தட்டையான டாப்பெட்டின் மேல் நேரடியாக உரசும் என்ஜின்களில் முதல் இருபது நிமிஷம் தப்பாகப் போனாலே கேம் தேய்ந்து வீணாகிவிடும். அந்த என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர் ஐந்நூறில் இறக்கச் சொன்னது அனுபவத்தில் சொன்னதுதான். பைக்கில் இன்றும் அந்த வழக்கம் நிற்கிறது. ஐந்நூறிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ், புது ஆயில். பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் மூழ்கியிருப்பதால் கியர் பல்லின் பொடியும் அதிலேயே சேரும். பைக்குக்கு அது முழுக்க நியாயம். அதே எண்ணை அப்படியே காருக்குத் தூக்கி வைத்ததால்தான் பாதிக் குழப்பம்.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிந்தடிக் ஆயில் ரொம்ப வழுக்கும், அதில் ரிங் உட்காராது, ஆகவே முதலில் சாதா மினரல் ஆயிலில் ஓட்டி, அப்புறம் சிந்தடிக்குக்கு மாற வேண்டும் என்பார்கள். 1992-லிருந்து கொர்வெட் தொழிற்சாலையிலேயே மொபில் 1 சிந்தடிக் ஆயிலோடு வருகிறது. போர்ஷேயும் தொண்ணூறுகளிலேயே அதே வழிக்கு வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக அந்த என்ஜின்களில் ரிங் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் காரில் வந்திருக்கும் முதல் ஆயிலை சிந்தடிக் என்பதற்காக இறக்க வேண்டாம். மினரல் ஆயிலைத் தேடி அலையவும் வேண்டாம்.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். டேஷ்போர்டு டிராயரில் இருக்கும் கையேட்டையும் சர்வீஸ் புத்தகத்தையும் எடுங்கள். முதல் ஆயில் மாற்றத்துக்கென்று தனி எண் போட்டிருந்தால், 800 ஆனாலும் 2,000 ஆனாலும், விவாதமே வேண்டாம், அதுதான் எண். மாற்றாதே என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. பெரும்பாலான புத்தகங்கள் இந்த விஷயத்தில் ஒன்றும் சொல்லாமல் ஓர் ஆண்டு அல்லது 15,000 கிலோமீட்டர் என்று பொதுவாகப் போட்டிருக்கும். அங்கேதான் நம் முடிவு.

அந்த இடத்தில் நான் சொல்வது: ரன்னிங்-இன் முடிந்ததும், 1,500-க்கும் 2,500-க்கும் நடுவில் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். முதல் உரசல் அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், உதிர வேண்டியது உதிர்ந்திருக்கும், பசையும் தன் வேலையைச் செய்திருக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டரில் மாற்றினால் பாதி அரைத்த மாவைக் கொட்டியது போல. பொடி இன்னும் வந்துகொண்டிருக்கும், மறுபடி மாற்ற மனம் அரிக்கும். இப்படி மாற்றாவிட்டால் என்ஜின் போய்விடுமா? போகாது. 15,000-இல் முதல் ஆயில் மாற்றி இரண்டு லட்சம் ஓடிய கார்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. ஆனால் பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர், டிராக்கில் இறக்கப் போகிறவர், டர்போ என்ஜின் வைத்திருப்பவர், இவர்களுக்கு ஏழெட்டு லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும் பெரிய செலவில்லை. மூன்று வருஷத்தில் கைமாற்றிவிடப் போகிறவர் புத்தகக் கணக்கிலேயே போகலாம்.

கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை. வாரத்துக்கு ஒருநாள், அதுவும் பக்கத்துத் தெருக் காபிக் கடை வரை மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் நிறைய. அப்படிப்பட்ட குட்டிப் பயணங்களில் ஆயில் சூடேறுவதே இல்லை. குளிர்ந்த என்ஜினில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும்; நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய என்ஜின்களில் இது சற்று அதிகம். எரிவதால் உண்டாகும் நீராவியும் உள்ளே தண்ணீராக நிற்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். அந்த மாதிரி ஓட்டம் என்றால், ஓடோமீட்டர் 900 காட்டினாலும் ஒரு வருஷம் ஆனதும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஆயில் மாற்றும் தேதியைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அந்த 2,000 கிலோமீட்டரை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது. இதைச் சரியாகச் செய்யாமல் ஆயிலை மட்டும் நான்கு தடவை மாற்றிப் பயனில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அதே இடத்தில் பத்து நிமிஷம் ஐடிலில் நிறுத்தி வைக்காதீர்கள். அரை நிமிஷம் போதும், மெல்லக் கிளம்புங்கள். தண்ணீர் வெப்பம் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆயில் சூடேற இன்னும் பத்து நிமிஷம் போல ஆகும். உங்கள் காரில் ஆயில் வெப்பம் காட்டும் முள் இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் வந்த இ39 எம்5-இல் டேக்கோமீட்டரைச் சுற்றிச் சின்ன விளக்குகள் வைத்து, ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும்படி செய்திருந்தார்கள். எத்தனை ஆர்பிஎம் வரை போகலாம் என்று அந்த விளக்குகளே சொல்லும். அருமையான யோசனை.

அப்புறம், ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். புதுக் காரை எடுத்துக்கொண்டு நால்வழிச் சாலையில் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டு நானூறு கிலோமீட்டர் ஒரே ஆர்பிஎம்-மில் போவது பலர் ஆசையாகச் செய்யும் தப்பு. ரிங் உட்கார அழுத்தம் ஏறவும் இறங்கவும் வேண்டும். மூன்றாம் கியரில் பாதி மிதித்து 4,000 வரை ஏற்றுங்கள், காலை எடுத்து என்ஜின் பிரேக்கிலேயே இறங்க விடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். மலைப்பாதை கிடைத்தால் இதற்கு மிகவும் நல்லது. தாழ்ந்த ஆர்பிஎம்-மில் பெரிய கியரைப் போட்டு அழுத்தி இழுக்கவைப்பது மட்டும் கூடாது. டர்போ என்ஜினில் அது எப்போதுமே கெடுதல். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாயவைக்கும் லான்ச் கன்ட்ரோல் பட்டனை இந்த நாட்களில் மறந்துவிடுங்கள்.

ஆயில் அளவையும் இந்த நாட்களில் அடிக்கடி பாருங்கள். ரிங் உட்காரும் வரை கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பு. பல புதுக் கார்களில் டிப்ஸ்டிக் கிடையாது. திரையில்தான் அளவு தெரியும், அதுவும் என்ஜின் சூடானபின் சமதளத்தில் நிறுத்தி அளந்தால்தான் சரியாக இருக்கும். குறைந்தால் அதே தரத்து ஆயிலைக் கொஞ்சம் ஊற்றலாம். முதல் ஆயில் மாற்றத் தேதி வரட்டும் என்று குறைந்த அளவோடு ஓட்டாதீர்கள்.

சர்வீஸுக்குப் போகும்போது ஆயில் டின்னில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்லும் 0டபிள்யூ-40 போன்ற எண் மட்டும் பொருந்தினால் போதாது. கார் கம்பெனியின் தர முத்திரையும் அதில் இருக்க வேண்டும். போர்ஷே ஏ40, பிஎம்டபிள்யூ லாங்லைஃப், கொர்வெட்டுக்கு டெக்ஸோஸ்-ஆர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அங்கீகாரம் உண்டு. பக்கத்துக் கடையில் மாற்றினாலும் பில், ஆயில் பெயர், கிலோமீட்டர், தேதி எல்லாம் எழுதி வாங்கி வையுங்கள். வாரன்டி பேச்சு வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். ஆயிலோடு ஃபில்டரும், வடிகட்டும் போல்ட்டின் வாஷரும் மாற வேண்டும். ஆயிலை மட்டும் இறக்கிவிட்டுப் பழைய ஃபில்டரைப் போட்டுக் கொடுத்த இடத்துக்கு நான் ஒருமுறை போய் ஏமாந்திருக்கிறேன். அதிலிருந்து பழைய ஃபில்டரை எடுத்துக் காட்டச் சொல்லாமல் நான் கிளம்புவதில்லை.

முடிந்தால் ஆயில் இறங்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பட்டுச் சேலை ஜரிகை போல மெல்லிய மினுமினுப்பு தெரியும். முதல் முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அது அந்த உரசலின் பொடிதான், பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் உறுத்தும் அளவுக்குத் துகளோ, நகத்தில் தட்டும்படி சிம்போ கிடைத்தால் அது வேறு விஷயம். காரை அங்கேயே நிறுத்தி, படம் எடுத்து, ஆயில் மாதிரியைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு கம்பெனியிடம் பேசுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தில் அந்த மினுமினுப்பு நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஷோரூம் டெமோ கார் வாங்குகிறவர்களுக்கு. நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய, பளபளவென்று இருக்கும் கார், நல்ல விலைக்கு வரும். அந்த நாலாயிரத்தில் எத்தனை பேர் குளிர்ந்த என்ஜினில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார்த்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சர்வீஸ் பதிவில் ரன்னிங்-இன் ஆயில் மாற்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், சாவியை வாங்கும் முன்பே என்ஜின் ஆயில், ஃபில்டர், டிஃபரன்ஷியல் ஆயில் மூன்றையும் மாற்றித் தரச் சொல்லி, விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.